நாம் கிழித்துப் போட்ட மூலைகள்

குற்றாலம் ஏன் இப்படிக் கெட்டுப்போனது என்று தென்காசியில் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் சுற்றுலா வருகிறவர்களைக் கைகாட்டுவார். வருகிறவர் பேரூராட்சியைச் சொல்வார். பேரூராட்சியில் கேட்டால் லாட்ஜ்காரர்கள் என்பார்கள். லாட்ஜ்காரர் மறுபடியும் அருவிக்கரைக் கடைகளைக் காட்டுவார். சுற்றிச் சுற்றி விரல் நீண்டுகொண்டே போகும். எந்த விரலும் மடங்கித் தன் மார்பைத் தொடாது. தென்காசி, மேலகரம், இலஞ்சி, காசிமேஜர்புரம், குற்றாலம் என்று ஒரே சாரலில் நனைந்து வளர்ந்த நாம் ஒருமுறையாவது அந்த விரலை மடக்கிப் பார்க்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பெரிய குற்றம் எதையும் நாம் செய்துவிடவில்லை. அருவிப் பாறையை வெடிவைத்துத் தகர்க்கவில்லை. ஆற்றில் ஆலைக்கழிவைத் திறந்துவிடவில்லை. செய்ததெல்லாம் சின்னச் சின்னதுதான். அதனால்தான் யாரும் நம்மைப் பிடிக்கவில்லை, நமக்கும் உறுத்தவில்லை.

ஷாம்பு பாக்கெட்டை எல்லாரும் ஒரே மாதிரிதான் கிழிக்கிறோம். ஈரக்கையில் வழுக்கும் என்பதால் மூலையைப் பல்லால் கடித்துப் பிய்த்து, துப்பிவிடுகிறோம். பாக்கெட் இரண்டு துண்டாகிறது. பெரிய துண்டைத் துப்புரவுப் பணியாளர் விடியற்காலையில் குனிந்து பொறுக்கிவிடுவார். நகத்தளவு மூலை அவர் விளக்குமாற்றில் சிக்காது. ஈரப்பாறையோடு ஒட்டிக்கொள்ளும், கைப்பிடிக் கம்பி ஊன்றிய குழிக்குள் உட்கார்ந்துகொள்ளும், படிக்கட்டின் இடுக்கில் செருகிக்கொள்ளும். அருவியில் தண்ணீர் கூடும் நாளில் தானாகப் பெயர்ந்து சிற்றாற்றில் இறங்கும். பச்சை, நீலம், வெள்ளி என்று எல்லாக் கம்பெனியின் மூலைகளும் பங்குனி சித்திரையில் அருவி வறண்டு பாறை காயும்போது கண்ணுக்குத் தெரியும். அப்போது சுற்றுலாக் கூட்டம் இருக்காது. பார்க்கிறவர்கள் நாம் மட்டும்தான். பார்த்துவிட்டு நடந்து போய்விடுகிறோம்.

அருவியில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் பயன்படுத்தக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2014-இல் உத்தரவிட்டது. அதற்கு முன்னால் நமக்குத் தெரியாதா? தெரியும். பேரருவியின் கீழே நுரை மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டேதான் நாமும் தலைக்குத் தேய்த்தோம். உத்தரவுக்குப் பிறகு அறிவிப்புப் பலகை வைத்தார்கள், நுழைவில் காவலரை நிறுத்தினார்கள். நாம் என்ன செய்தோம்? சரம் சரமாகத் தொங்கிய பாக்கெட்டை எடுத்துக் கடைக்குள் மறைத்துவைத்தோம். கேட்டவருக்கு மடித்துக் கொடுத்தோம். வாங்கியவர் குற்றாலத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு போனார். “ஒரே ஒரு ஷாம்புல என்ன அண்ணாச்சி ஆயிரப் போவுது?” என்று அவர் கேட்டார். நாமும், “பாத்து, போலீஸ் நிக்கான்” என்று சொல்லி அனுப்பினோம். அருவியைப் பற்றி அந்தப் பேச்சில் இருவருமே நினைக்கவில்லை. மாட்டிக்கொள்ளக் கூடாதே என்பது மட்டும்தான் கவலை.

ஒரு பாக்கெட்டில் ஏறக்குறைய 6 மில்லி இருக்கும். சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்தாயிரம் பேர் ஆளுக்கு ஒன்று கிழிப்பதாக வைத்துக்கொள்வோம். 60 லிட்டர். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் மூன்று நிறைய ஷாம்பை ஓர் ஆள் தோளில் தூக்கிவந்து பேரருவித் தடாகத்தில் கவிழ்த்தால் சும்மா விடுவோமா? அடித்துத் துரத்தியிருப்போம், செய்தித்தாளில் படம் வந்திருக்கும். அதையே பத்தாயிரம் பங்காகப் பிரித்து ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றும்போது அது குளியல் ஆகிவிடுகிறது.

ஷாம்பு நுரை தலையழுக்கை எப்படி எடுக்கிறதோ அதே வேலையைத்தான் ஆற்றுக்குள்ளும் செய்கிறது. எண்ணெய்ப்பசையைக் கரைக்கும், மீனின் செவுளைக் காக்கும் வழவழப்பும் அதில் சேர்ந்து போகும். நீரின் மேல்தோலைத் தளர்த்தும். அதன்மேல் கால் பாவி ஓடும் பூச்சிகள் நிற்க இடமின்றி மூழ்கும். பூச்சி போனால் அதைத் தின்னும் குஞ்சுமீனும் போகும். சிறுவயதில் ஓடைக்கல்லைப் புரட்டினால் நழுவி ஓடிய உயிர்கள் எங்கே என்று நாம் யாரையும் கேட்கவில்லை. அவையும் ஒரே நாளில் காணாமல் போகவில்லை.

இந்த ஒரு ரூபாய் பாக்கெட்டே நம் தமிழ் மண்ணில் வளர்ந்த யோசனைதான் என்பதையும் சொல்ல வேண்டும். கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன், பணக்காரர் வீட்டுப் பாட்டிலில் இருந்த பொருள் கூலிவேலை செய்கிறவருக்கும் எட்ட வேண்டும் என்று நினைத்துத் திரவங்களைச் சிறு உறைகளில் அடைத்து விற்கத் தொடங்கினார். அவர் மகன்களின் காலத்தில் வெல்வெட் வந்தது. அவர்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் 1983-இல் ரூ.15,000 முதலீட்டில் தொடங்கியதுதான் சிக் ஷாம்பு. 1999-இல் அதன் விலை 50 காசுக்கு இறங்கியது. கிராமத்துப் பெட்டிக்கடை வரை போன அந்தச் சரம் இந்தியாவின் பெரிய கம்பெனிகளையே தன் வழிக்குத் திரும்பவைத்தது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. வாரக்கூலி வாங்கும் பெண் விரும்பியதைத் தன் கைக்காசில் வாங்க முடிந்தது சின்ன விஷயமில்லை. சின்ன அளவில் விற்றால் பெரிய வியாபாரம் ஆகும் என்று உலகத்துக்குக் காட்டியவர்கள் நம் ஆட்கள். சின்ன அளவில் எறிந்தால் பெரிய குப்பை ஆகும் என்ற அந்தக் கணக்கின் மறுபாதியைத்தான் நாம் போட்டுப் பார்க்கவே இல்லை. பல அடுக்காக ஒட்டிய அந்த உறையைப் பழைய பேப்பர்க் கடைக்காரர் எடைக்கு எடுக்க மாட்டார். 2019 ஜனவரி 1-இல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக்கைத் தடைசெய்தபோதும், தொழிற்சாலையிலேயே அடைத்துவரும் உறைகளுக்குத் தொடக்கத்தில் விலக்கு இருந்தது. கடைக்காரரின் கேரி பேக்குக்குத் தடை வந்தது; கடையில் தொங்கிய சரத்துக்கு வரவில்லை.

சிற்றாறு குற்றாலத்தோடு முடிந்துவிடுவதாக நாம் நடந்துகொள்கிறோம். அது தென்காசியைக் கடந்து, ஐந்தருவித் தண்ணீரையும், பழைய குற்றாலத்திலிருந்து இறங்கும் அழுதகண்ணி ஆற்றையும், அனுமன் நதியையும் சேர்த்துக்கொண்டு, சீவலப்பேரியில் தாமிரபரணியில் கலக்கிற வரை ஏறக்குறைய 80 கிலோமீட்டர் ஓடுகிறது. அந்த வழியில் 17 அணைக்கட்டுகள். ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய் பிரிந்து குளத்துக்குப் போகிறது, குளத்து மடையிலிருந்து வயலுக்குப் போகிறது. நமக்கு ஆனி, ஆடி என்றால் சீசன். கீழே கங்கைகொண்டான் வரை உள்ளவருக்கு அது கார் சாகுபடி. நாம் குளிக்கிற அதே தண்ணீரில்தான் அவர் நாற்றை ஊன்றுகிறார். மேலே இருக்கிறவன் கீழே இருக்கிறவனுக்குக் கடன்பட்டவன் என்பது பாசனத்தில் பழகிய எவருக்கும் தெரிந்த நியாயம். மடையில் ஒரு கை மண்ணைக் கூடுதலாக வைத்தாலே ஊர்க்கூட்டம் போட்டுக் கேட்ட பூமி இது. வண்டி வண்டியாக அழுக்கை அனுப்பியபோது ஒரு கூட்டமும் கூடவில்லை.

லாட்ஜ் வைத்திருக்கிற நாம் சொல்ல வேண்டியது தனியாக இருக்கிறது. மூன்று மாத வருமானத்தில் பன்னிரண்டு மாதம் ஓட வேண்டும் என்ற நெருக்கடி உண்மைதான். அந்த நெருக்கடியைச் சாக்காக வைத்து ஆறு அறை இருந்த இடத்தில் பத்து அறை கட்டினோம். செப்டிக் டேங்கை மட்டும் ஆறு அறைக்குக் கட்டிய அளவிலேயே விட்டோம். ஆடியில் அது நிரம்பி வழிந்தால், லாரி கூப்பிடக் கூட்டத்துக்கு நடுவே வழியில்லை என்று சொல்லி வாறுகாலுக்கு ஒரு குழாயைத் திருப்பினோம். ராத்திரியோடு ராத்திரியாக, ஒருநாள் மட்டும் என்றுதான் திருப்பினோம். அந்தக் குழாயை எந்த ஆண்டு அடைத்தோம் என்று நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? இன்னும் கொஞ்சம் வசதி இருந்தவர்கள் ஓடையையே தங்கள் தோட்டத்துக்குள் திருப்பி, சிமெண்டில் பாறை செய்து, வாடிக்கையாளருக்குத் தனி அருவி விட்டார்கள். 2022 இறுதியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அப்படிப்பட்ட செயற்கை அருவிகளை மூடச் சொல்லி உத்தரவிடும் வரை அதை நாம் ‘டெவலப்மெண்ட்’ என்றுதான் பேசிக்கொண்டோம். வழக்குப் போட வேறு யாரோ வர வேண்டியிருந்தது.

வியாபாரத்திலும் இதே கதைதான். சனி ஞாயிறு என்றால் அறை வாடகை இரண்டு மடங்கு. பழக்கடையில் மேல்தட்டில் நல்ல மங்குஸ்தான், கவரில் விழுவது கீழ்த்தட்டுக் காய். ஐந்தருவிக்குப் போக ஆட்டோவில் வெளியூர் முகத்துக்கு ஒரு தொகை, உள்ளூர் முகத்துக்கு ஒரு தொகை. மலைத்தேன் என்று சொல்லி வெல்லப்பாகு. எல்லாரும் செய்கிறோம் என்று சொல்ல மாட்டேன். ஒரு கிராம் குறையாமல் நிறுத்துக் கொடுத்து, தலைமுறையாக அதே இடத்தில் கடை வைத்திருக்கிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் பக்கத்துக் கடையில் பாகு விற்கிறது என்று தெரிந்தும் அவர்கள் வாய் திறந்ததில்லை. சீசன் நேரத்தில் எதற்குப் பொல்லாப்பு என்பது நம் ஊர் வழக்கம். ஏமாந்து போனவர் நம்மிடம் சண்டைக்கு வருவதில்லை. மதுரைக்கோ சென்னைக்கோ திரும்பிப் போய், அடுத்த ஆண்டு குடும்பத்தோடு வேறு பக்கம் கிளம்பிவிடுகிறார். வராமல் போனவரை நாம் எண்ணுவதே இல்லை.

சின்ன அலட்சியம் உயிரோடு விளையாடும் இடமும் உண்டு. பேரருவியில் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் குளிக்கத் தடை. காவலர் விசில் ஊதினால், “இன்னும் ரெண்டே நிமிஷம் சார்” என்று கெஞ்சுகிறவர்களில் உள்ளூர்க்காரர்தான் முதலில் நிற்பார். நமக்கு அருவி பழக்கமாம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் கண்மூடித் திறப்பதற்குள் வெள்ளம் இறங்கி, 17 வயது மாணவன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. அது யாரும் எதிர்பாராத வெள்ளம். அங்கே நின்ற யார்மீதும் பழி சொல்ல இடமில்லை. ஆனால் மலையின் சமிக்ஞை என்ன, மேலே கறுத்தால் கீழே எவ்வளவு நேரம் இருக்கிறது, தண்ணீர் செம்மண் நிறமாக மாறினால் என்ன பொருள் என்பதெல்லாம் நம் பாட்டன்மார்களுக்குத் தெரியும். அதை வெளியூரிலிருந்து வரும் பிள்ளைக்கு நாம் சொல்லித்தருகிறோமா? டிக்கெட், பார்க்கிங், எண்ணெய்க்குளியல் ரேட் எல்லாம் ஓடிவந்து சொல்கிறோம். இதைச் சொல்ல ஒருவரும் ஓடுவதில்லை.

2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவக் கழிவைக் கொண்டுவந்து நடுக்கல்லூர், கொடகநல்லூர்ப் பக்கம் கொட்டியபோது நமக்கு வந்த கோபத்தை நினைத்துப் பார்க்கிறேன். நியாயமான கோபம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது. கேரள அரசே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. எல்லையிலுள்ள புளியரைச் சோதனைச்சாவடியில் ஒவ்வொரு லாரியையும் திறந்து பார்க்க வேண்டும் என்று நாம் டீக்கடையில் நின்று பேசினோம். பேசிக்கொண்டே குடித்த காகிதக் கப்பை எங்கே போட்டோம்? அடுத்தவன் லாரியில் கொண்டுவந்தால் அது படையெடுப்பு. நாம் கைப்பிடி அளவில் போட்டால் அது பேச்சுக்குக்கூட ஆகாது. சிற்றாற்றுக்கு இரண்டும் ஒன்றுதான். தென்காசி யானைப்பாலத்தில் நின்று கீழே பார்த்தால் கிடக்கிற பையில் பெரும்பாலும் நம் ஊர்க் கடைகளின் பெயர்தான் அச்சடித்திருக்கும்.

பழகிப்போவதில் நமக்கு நீண்ட அனுபவம் இருக்கிறது. தென்காசிக் கோயிலின் ராஜகோபுரம் பல பத்தாண்டுகள் பிளந்து, மொட்டையாக நின்றது. இன்று ஒன்பது நிலையோடு நிமிர்ந்து நிற்கும் அந்தக் கோபுரத்தைக் கட்டி முடித்துக் குடமுழுக்கு நடத்தியது 1990-இல்தான். அதற்கு முன் பிறந்தவர்கள் அந்த மொட்டைக் கோபுரத்தைப் பார்த்தே வளர்ந்து, அதன் அடியிலேயே தாலி கட்டி, பிள்ளை பெற்று, பேரனையும் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். கோபுரம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று குழந்தைகள் நம்பிய காலம் அது. வெளியூரிலிருந்து வருகிறவர் கேட்கும்போது மட்டும் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். அவர் பஸ் ஏறியதும் வெட்கமும் ஏறிப் போய்விடும்.

இதை முன்கூட்டியே உணர்ந்த ஒருவர் இருந்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். பதினைந்தாம் நூற்றாண்டில் அந்தக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் அங்கே கல்லில் ஒரு செய்தி வெட்டிவைத்தான். இந்தக் கோயிலுக்குப் பின்னாளில் ஒரு குறை வந்தால், அதைச் சரிசெய்து காக்கிறவர்களை, அவர்கள் யாராக இருந்தாலும், உலகறிய இப்போதே பணிகிறேன் என்பது அதன் கருத்து. அரசர்கள் வழக்கமாக, சேதப்படுத்துகிறவன் பாவத்தில் போவான் என்று சபித்துக் கல் வெட்டுவார்கள். இவன் சபிக்கவில்லை. பின்னால் வருகிறவர்கள் கவனிக்காமல் விடுவார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கவனிக்கிற ஒருவனுக்காக, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அரசன் தலையைத் தாழ்த்தியிருக்கிறான். அந்த வணக்கம் நம்மை நோக்கியும்தான் இருக்கிறது. வாங்கிக்கொள்ள நமக்கு யோக்கியதை இருக்கிறதா என்று கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

சேர்ந்தது சின்னச் சின்னதாக என்றால் குறைவதும் அப்படித்தான் குறையும். நீலகிரியில் 2022-இல், உயர் நீதிமன்றம் சொன்னதன்பேரில், டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பணத்தைக் கொடுத்தார்கள். காட்டில் உடைந்து கிடந்து யானையின் காலைக் கிழித்த பாட்டில்களில் பெரும்பகுதி கடைக்கே திரும்பி வர ஆரம்பித்தது. குடித்தவர் திடீரென்று மாறிவிடவில்லை. கையில் இருந்த காலிக்கு ஒரு விலை வந்துவிட்டது, அவ்வளவுதான். இதற்கு நீலகிரி வரை கூடப் போக வேண்டியதில்லை. சிக் ஷாம்பு வளர்ந்த காலத்தில் ஐந்து காலி பாக்கெட்டைக் கொண்டுவந்தால் ஒரு பாக்கெட் இலவசம் என்று ஒரு திட்டம் நடந்தது. எந்தக் கம்பெனி பாக்கெட்டாக இருந்தாலும் முதலில் வாங்கிக்கொண்டார்கள், பிறகு சிக் பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். விற்பனையைக் கூட்டச் செய்த வேலைதான். ஆனாலும் அந்தக் காலத்தில் சின்னப் பிள்ளைகள் தெருவில் கிடந்த உறையைத் தேடித் தேடிப் பொறுக்கினார்கள்.

பேரருவிச் சாலைக் கடைக்காரர்களான நாம், ஒரு மாலை கடையை ஒரு மணி நேரம் முன்னதாக அடைத்துவிட்டு உட்கார்ந்தால் போதும். சரத்தை அடியோடு இறக்கிவிடுவதா, அல்லது விற்கிற எதற்கும் இரண்டு ரூபாய் கூட வைத்துக் காலிக்குத் திருப்பித் தருவதா என்று பேசி முடிவெடுத்துவிடலாம். எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளிகளையும் கூப்பிட வேண்டும்; அவர்கள் பிழைப்புக்கு அருவியைவிட்டுத் தள்ளி ஓர் இடமும், எண்ணெய் வழித்தெடுக்க ஒரு தொட்டியும் கேட்டுப் பெறலாம். லாட்ஜ்காரர்கள் அறைத் தட்டில் வைக்கும் இலவச ஷாம்பை எடுத்துவிட்டு, வாறுகாலுக்குத் திருப்பிய குழாய் எந்தெந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம். கங்கைகொண்டான் பக்கத்து விவசாயிகள் இரண்டு பேர் வந்து அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தால் பேச்சு தானாக நிதானப்படும். வைகாசி முடிவதற்குள் கூட வேண்டும். ஆனியில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டால் யாருக்கும் உட்கார நேரம் இருக்காது.